படுத்த படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் படுக்கவைப்பது எப்படி

எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்குப் போன ஆவணி மாதம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு அவர் வீடு திரும்பிய அன்று மாலை, அவருடைய மருமகள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் டிஸ்சார்ஜ் சீட்டு. "சிஸ்டர், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பொசிஷன் மாற்றவும் என்று இதில் எழுதியிருக்கிறது. எப்படி மாற்றுவது என்று எங்களுக்கு யாரும் காட்டவில்லை. அவரைத் தொடவே பயமாக இருக்கிறது" என்றாள்.

அரசு மருத்துவமனைகளில் 33 ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து 2022-இல் ஓய்வு பெற்றவள் நான். அந்த ஒற்றை வரியை எத்தனையோ சீட்டுகளில் பார்த்திருக்கிறேன். மாத்திரைக்குக் காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டுக் கொடுக்கிறோம். மாத்திரையைவிடக் கடினமான வேலையை ஒரு வரியில் எழுதி, வீட்டுப் பெண்கள் தலையில் வைத்து அனுப்பிவிடுகிறோம். அன்று இரவு ஒன்பது மணி வரை அந்த வீட்டில் இருந்து மகனுக்கும் மருமகளுக்கும் செய்து காட்டினேன். காட்டியதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படிக் கிடந்தால், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

முதலில் கையை உள்ளே விடுங்கள்

போனவுடன் நான் செய்த முதல் வேலை, மல்லாந்து கிடந்த பெரியவரின் இடுப்புக்கு அடியில் உள்ளங்கை மேலே பார்க்கும்படி என் கையைச் செருகியதுதான். வால் எலும்பு இருக்கும் இடத்தில் கை நகரவே இல்லை. எலும்பு கையை மெத்தையோடு வைத்து அழுத்தியது. மருமகளையும் அப்படிச் செய்து பார்க்கச் சொன்னேன். கையை எடுத்துவிட்டு, "இவ்வளவு பாரமா அக்கா?" என்றாள். அந்தப் பாரத்தை அவருடைய தோல் மதியத்திலிருந்து தாங்கிக்கொண்டிருந்தது.

படுக்கைப் புண் அழுக்கினால் வருவது என்று பலரும் நினைக்கிறார்கள். தினமும் குளிப்பாட்டித் துணி மாற்றிய உடம்பிலும் வரும். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோலும் சதையும் நசுங்கும்போது அங்குள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. ரத்தம் வராத சதை செத்துப்போகிறது. நமக்கு அப்படி நேர்வதில்லை; தூக்கத்தில்கூட நம்மை அறியாமல் புரண்டுவிடுகிறோம். பக்கவாதம் வந்தவருக்குப் புரளவும் முடியாது, அந்தப் பக்கம் வலிப்பதும் சரியாகத் தெரியாது. அதனால் அவருக்காக நாம் புரட்ட வேண்டியிருக்கிறது.

எந்த நிலையில் எங்கே எலும்பு முட்டும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மல்லாந்து படுத்தால் பின்மண்டை, தோள்பட்டை எலும்பு, முழங்கை, வால் எலும்பு, குதிகால். ஒருக்களித்துப் படுத்தால் காது, தோள்முனை, இடுப்பின் பக்கவாட்டில் துருத்தும் தொடை எலும்பு, ஒன்றோடொன்று உரசும் முழங்கால்கள், கணுக்கால் முட்டி. நாற்காலியில் உட்கார்ந்தால் புட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எலும்புகள். ஒவ்வொரு முறை திருப்பும்போதும், இதுவரை மெத்தையில் பட்டிருந்த இடங்களை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் ஓர் அழுத்து அழுத்தி விடுங்கள். அந்த இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது என்று பொருள். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் உள்ளே காயம் தொடங்கிவிட்டது.

நம் ஊர்க் கறுத்த தோலில் இந்தச் சிவப்பு தெரியாது. வெள்ளைத் தோலை வைத்து எழுதிய பாடத்தைத்தான் நாங்களும் படித்தோம். ஆகவே கண்ணை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்துத் தோலைவிட அந்த இடம் கூடுதலாகக் கறுத்தோ, ஊதா நிறம் பாய்ந்தோ இருக்கிறதா? புறங்கையை வைத்தால் சுடுகிறதா? கல்லுபோல இறுகியோ, கனிந்த பழம்போலத் தொளதொளத்தோ இருக்கிறதா? அதுதான் நமக்குச் சிவப்பு.

தேய்க்காதீர்கள்

1989-இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எலும்பு முறிவு வார்டில் இரவுப் பணி. தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு பாட்டி இருந்தார். குதிகால் சிவந்திருப்பதைப் பார்த்தேன். எங்களுக்குக் கற்றுக்கொடுத்தபடி ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, நன்றாகத் தேய்த்துவிட்டேன். அக்கறையோடு, வேளை தவறாமல் நான்கு இரவுகள் தேய்த்தேன். ஐந்தாம் நாள் அந்தக் குதிகால் கறுத்துவிட்டது. ஏற்கெனவே நசுங்கிய சதையை நான் தேய்த்து மேலும் நசுக்கியிருக்கிறேன். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து அந்தக் குதிகாலை மெத்தையிலிருந்து எழுப்பியிருந்தால் போதும். அந்தப் பாட்டி "தங்கம், கை வலிக்கப்போகிறது, போதும்" என்று என்னைத் தடுத்தது இன்றும் காதில் இருக்கிறது.

ஆகவே, எலும்பு மேட்டில் நிறம் மாறிய இடத்தைத் தேய்க்கவே கூடாது. தோல் வறண்டிருந்தால் சுற்றிலும் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவலாம், அழுத்தக் கூடாது. ஸ்பிரிட் தோலை உலர்த்தி வெடிக்கவைக்கும். பவுடர் வியர்வையில் கட்டிதட்டி மணலைப்போல உறுத்தும். மருந்துக் கடைகளில் விற்கும் காற்று வளையத்தைப் புட்டத்துக்கடியில் வைப்பதும் தவறுதான். நடுவில் இருக்கும் இடத்தைக் காப்பாற்றுவதாகத் தோன்றும். சுற்றிலும் அழுத்தி, நடுவுக்கு வரும் ரத்தத்தை அது தடுத்துவிடும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

என்னென்ன வேண்டும்

பெரிய செலவு இல்லை. தலையணைகள் ஆறு, இலவம் பஞ்சானாலும் சரி, கல்லாக இறுகிப்போனவை மட்டும் வேண்டாம். சுருட்டி வைக்க இரண்டு துண்டுகள். எல்லாவற்றையும்விட முக்கியம், துவைத்துத் துவைத்து மெல்லிசான ஒரு பருத்தி வேட்டி. அதை நான்காக மடித்து, நோயாளியின் தோளிலிருந்து நடுத்தொடை வரை வரும்படி படுக்கையின் குறுக்கே விரியுங்கள். வார்டில் இதை டிரா ஷீட் என்போம். இரண்டு பக்கமும் ஒரு முழமாவது தொங்க வேண்டும். புரட்டுவது, மேலே நகர்த்துவது எல்லாம் இந்த வேட்டியைப் பிடித்துத்தான். உடம்பைப் பிடித்து அல்ல.

இந்த வேட்டியால் வேறொரு நன்மையும் உண்டு. மாமனாரின் இடுப்பையும் தொடையையும் பிடித்துப் புரட்ட மருமகளுக்குக் கூச்சம், அவருக்கு அதைவிடக் கூச்சம். அந்தப் பெரியவர் முதல் நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வேட்டியைப் பிடித்துத் தூக்கும்போது இருவருக்கும் அந்தச் சங்கடம் குறைகிறது. உடல் துடைப்பது, உள்துணி மாற்றுவது ஆகியவற்றை மகன் செய்யட்டும் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். அவன் அப்பாதானே.

ரப்பர் ஷீட் போடுவதானால் அதன் மேல் பருத்தித் துணி கட்டாயம். வெறும் ரப்பரில் வியர்த்து, ஊறிய தோல் சீக்கிரம் பிய்ந்துவிடும். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. சாப்பாட்டுப் பருக்கை, சட்டைப் பொத்தான், இடுப்பில் கட்டிய அரைஞாண் கயிற்றின் முடிச்சு, தாயத்து எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். ஒரு தாயத்தின் அச்சு அப்படியே முதுகில் பதிந்து புண்ணானதை நான் பார்த்திருக்கிறேன். கயிற்றைக் கழற்ற மனமில்லை என்றால் தாயத்தைத் தலைமாட்டில் கட்டிவிடுங்கள்.

கட்டில் தாழ்வாக இருந்தால் நான்கு கால்களுக்கும் அசையாத மரக்கட்டைகள் கொடுத்து, பராமரிப்பவரின் இடுப்பு உயரத்துக்கு உயர்த்துங்கள். ஒரு பக்கம் சுவராக இருந்தால் விழுகிற பயமில்லை. ஆனால் புரட்டும் நேரத்தில் கட்டிலை இழுத்து இரண்டு பக்கமும் ஆள் நிற்க வழி வேண்டும்.

மேலே நகர்த்துவது

புரட்டுவதற்கு முன், கால்மாட்டுக்கு வழுக்கிப் போயிருப்பவரை மேலே கொண்டுவர வேண்டியிருக்கும். அக்குளில் கையைக் கொடுத்து இழுப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. செய்யாதீர்கள். விழுந்துபோன தோளில் மூட்டைப் பிடித்துவைக்கும் தசைக்கு வலு இல்லை. இழுத்தால் மூட்டு இறங்கிவிடும், பிறகு மாதக்கணக்கில் வலி. மேலும், இழுக்கும்போது தோல் மெத்தையில் ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகர்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சதை கிழிகிறது. வெளியே ஒன்றும் தெரியாது.

தலையணையை எடுத்துத் தலைமாட்டுச் சட்டத்தில் நிமிர்த்தி வையுங்கள், தலை இடிக்காது. நோயாளியிடம் சொல்லுங்கள்: "அப்பா, மேலே தூக்கப் போகிறோம். வலது காலை மடக்கி ஊன்றுங்கள், தாடையை நெஞ்சோடு வையுங்கள்." பேச்சு போனவர்களிடமும் சொல்லுங்கள், பேச முடியாதவருக்குக் காது கேட்காது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேரும் கட்டிலின் இரு பக்கமும் நின்று, வேட்டியை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடியுங்கள். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல் நில்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மூன்றில் இருவரும் சேர்ந்து சற்றே தூக்கி நகர்த்துங்கள். ஒரே தூக்கில் வராது. இரண்டு மூன்று சின்னத் தூக்குகளில் வரட்டும்.

வலப்பக்கம் திருப்புவது

இடது பக்கம் விழுந்தவரை முதலில் நல்ல பக்கமான வலப்பக்கம் திருப்பிப் பழகுங்கள். திரும்பிய பிறகு கட்டிலின் நடுவில் இருக்க வேண்டுமானால், முன்கூட்டியே அவரை வேட்டியோடு கட்டிலின் இடது ஓரத்துக்கு நகர்த்தியாக வேண்டும். இதை மறந்தால் திரும்பியதும் ஓரத்தில் தொங்குவார்.

சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் பையை முதலில் திரும்பும் பக்கத்துக்கு மாற்றிக் கட்டிலின் சட்டத்தில் தொங்கவிடுங்கள். பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழேயே இருக்கட்டும். மேலே தூக்கினால் சிறுநீர் திரும்ப உள்ளே போகும். குழாய் தொடைக்கு அடியில் மாட்டக் கூடாது.

இப்போது அவருடைய வலப்பக்கம் நீங்கள் நில்லுங்கள். வலது கையை உடம்பைவிட்டுச் சற்று விலக்கி வையுங்கள். விழுந்த இடது கையை முழங்கையிலும் மணிக்கட்டிலும் தாங்கியபடி தூக்கி மார்பின் மேல் வையுங்கள். இடது முழங்காலை மடக்குங்கள். உங்கள் ஒரு கை அவருடைய இடது தோள்பட்டைக்குப் பின்னால், இன்னொரு கை இடது இடுப்புக்குப் பின்னால் வேட்டியைப் பிடிக்கட்டும். சொல்லிவிட்டு, தோளும் இடுப்பும் ஒன்றாக வரும்படி உங்களை நோக்கி உருட்டுங்கள். எப்போதும் உங்களை நோக்கித்தான். எதிர்ப்பக்கம் தள்ளினால் அங்கே ஆள் இல்லாதபோது விழுந்துவிடுவார்.

அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை நீளவாக்கில் செருகட்டும். அதன் மேல் அவரை மெல்லச் சாயவிடுங்கள். முழுக்க ஒருக்களித்து, ஒரு பக்கத்து இடுப்பெலும்பில் குத்திட்டு நிற்பதுபோலப் படுக்கவைப்பது தவறு. மொத்தப் பாரமும் அந்த ஒரு முனையில் இறங்கிவிடும். 30 பாகைச் சாய்வு போதும். கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் இடையே எவ்வளவு விரிவோ, மெத்தையிலிருந்து முதுகு அவ்வளவு எழும்பினால் சரி. அப்படிச் சாய்ந்தால் பாரம் சதைப்பிடிப்பான புட்டத்தில் பரவும். வால் எலும்பும் தப்பும், பக்கவாட்டு எலும்பும் தப்பும். மறுபடி கையை விட்டுப் பாருங்கள். வால் எலும்புக்கு அடியில் கை தாராளமாக நகர வேண்டும்.

மிச்சம் சின்ன வேலைகள்தான். ஆனால் அவற்றைச் செய்யாமல் அறையைவிட்டு வெளியே வராதீர்கள். அடியில் இருக்கும் தோளுக்குப் பின்னால் கையைக் கொடுத்து, உடம்பு அதன் மேல் ஏறாதபடி சற்று முன்னுக்குக் கொண்டுவாருங்கள். காது மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே இருக்கும் இடது காலை முன்னால் கொண்டுவந்து, முழங்காலிலிருந்து பாதம் வரை ஒரு தலையணையில் கிடத்துங்கள். இடது கையை நெஞ்சுக்கு முன்னால் இன்னொரு தலையணையில் முழுதாக வையுங்கள். மணிக்கட்டு தலையணை ஓரத்தில் தொங்கினால் கை வீங்கும்.

விழுந்த பக்கத்தின் மேல் படுக்கவைக்கலாமா

அந்த வீட்டில் எல்லோரும் இதைக் கேட்டார்கள். படுக்கவைக்கலாம், படுக்கவைக்க வேண்டும். விழுந்த பக்கத்தின் மேல் பாரம் இறங்கும்போது அந்தப் பக்கம் இருப்பதை மூளை உணர்கிறது, கை கால் முறுக்கிக்கொள்வதும் கட்டுப்படுகிறது என்பதால் பிசியோதெரபிஸ்டுகள் இந்த நிலையை விரும்புவார்கள். நல்ல கையும் சும்மா இருக்கும். போர்வையை இழுத்துக்கொள்ள அவருக்கு வசதி.

ஆனால் தோளைக் காப்பாற்ற வேண்டும். திருப்பியதும் உங்கள் கையை அவருடைய இடது தோள்பட்டை எலும்புக்கு அடியில் விட்டு, அந்த எலும்பையே முன்னால் தள்ளிக் கொண்டுவாருங்கள். கையைப் பிடித்து இழுத்துத் தோளை வரவழைக்காதீர்கள். தோள் முன்னால் வந்தபின் கையை நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க வையுங்கள். நல்ல காலை மடக்கி முன்னால் தலையணையில் வையுங்கள். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சற்றே பின்சாய்வு. அந்தப் பக்கம் உணர்வு குறைவு என்பதால் முதல் வாரத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் விடவேண்டாம். திருப்பிய பிறகு தோலைப் பார்த்து, நன்றாக இருந்தால் கூட்டுங்கள்.

மல்லாந்து படுக்கும்போது இடது தோள்பட்டைக்கும் கைக்கும் சேர்த்து ஒரு தலையணை. விழுந்த கால் தானாக வெளிப்பக்கம் புரளும். இடுப்பிலிருந்து நடுத்தொடை வரை, வெளிப்பக்கமாக ஒரு துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுங்கள். குதிகால் இரண்டும் மெத்தையில் படாதபடி, கெண்டைக்கால் முழுவதும் தாங்கும் வகையில் தலையணையை நீளவாக்கில் வையுங்கள். முழங்காலுக்கு அடியில் மட்டும் ஓர் உருண்டை வைத்து மணிக்கணக்கில் விட்டால் முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும். பாதத்தின் மேல் கனமான போர்வையை இழுத்துக் கட்டாதீர்கள், பாதம் கீழே தொங்கிப்போகும். கணுக்காலை எப்படி அசைத்துக் கொடுப்பது, அதற்குப் பட்டை தேவையா என்பதைப் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு நேரத்துச் சாய்வு

படுத்தபடி கஞ்சி புகட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவதிலும் தடுமாற்றம் இருக்கும். கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வரும். வார்டில் பக்கவாதத்தைத் தாண்டிப் பிழைத்தவர்களைக்கூட இந்த நுரையீரல் காய்ச்சல் கொண்டுபோயிருக்கிறது. அதனால் வாய்வழியாகச் சாப்பிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், முடிந்தவரை நேராக உட்காரவைத்து, தாடை சற்றுக் கீழே இறங்கியிருக்க, சின்னக் கரண்டியில் கொடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது படுக்கவைக்காதீர்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுப்பதானால், கொடுக்கும்போதும் அதன் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரையிலும் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும்.

இப்படித் தலைப்பக்கத்தை உயர்த்திய நிலைக்கு எங்கள் வார்டு மொழியில் ஃபவுலர் என்று பெயர். ஜார்ஜ் ரையர்சன் ஃபவுலர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், வயிற்றுக்குள் சீழ் கட்டியவர்களின் தலைப்பக்கத்தை உயர்த்திவைத்தார். சீழ் கீழே இறங்கி ஓரிடத்தில் தங்கும் என்பதற்காக. நாங்கள் அதை இன்று மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் பயன்படுத்துகிறோம்.

கைப்பிடி சுற்றினால் உயரும் கட்டில் இல்லையென்றால் கவலைப்படாதீர்கள். ஒரு மர நாற்காலியைத் தலைமாட்டில் கவிழ்த்து வையுங்கள். அதன் முதுகுப்பலகை சாய்வான மேடையாக நிற்கும். மேலே இரண்டு தலையணைகளை அடுக்கினால் நல்ல முதுகுத்தாங்கி. நாற்காலி வழுக்காமல் இருக்க அதன் கால்களைக் கட்டிலோடு ஒரு கயிற்றால் கட்டுங்கள். அந்தப் பெரியவர் வீட்டில் இதைத்தான் செய்தோம்.

சாய்வாக உட்காரவைத்தால் உடம்பு வழுக்கும். வழுக்கும்போது வால் எலும்பில் முன்பு சொன்ன அதே கிழிசல். ஆகையால் தலையை உயர்த்தும் முன் முழங்கால்களுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக் காலை மடக்குங்கள். சாப்பாடும் அரை மணி ஓய்வும் முடிந்ததும் அந்தத் தலையணையை எடுத்துவிட்டு, தலைப்பக்கத்தை 30 பாகைக்கோ அதற்குக் கீழோ இறக்கிவிடுங்கள். டி.வி. பார்க்க வசதி என்று மதியம் முழுவதும் அப்படியே விட்டுவிட்டால் புண் வரும். இருதயம் பலவீனமாகி மூச்சுத் திணறுபவருக்கு மட்டும் விதிவிலக்கு. அவர் நிமிர்ந்தே இருக்கட்டும். முன்னால் ஒரு சிறு மேசை, அதன் மேல் தலையணை, அதில் கைகளை ஊன்றிக் கவிழ்ந்தால் மூச்சு இலேசாகும்.

கடிகாரமும் காலண்டரும்

இரண்டு மணி நேரம் என்பது தொடக்கக் கணக்கு. சாதாரண மெத்தையில் அதைத் தாண்டாதீர்கள். திருப்பியபின் அந்த இடத்தின் நிறம் மாறியிருந்து அரை மணியில் மறையவில்லை என்றால், உங்கள் நோயாளிக்கு இரண்டு மணி நேரம் அதிகம், ஒன்றரையாகக் குறையுங்கள். நாற்காலியில் உட்காரவைத்தால் ஒரு மணி நேரத்துக்குமேல் வேண்டாம்.

நினைவில் வைத்துச் செய்ய முடியாது. அந்த வீட்டில், கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டச் சொன்னேன். காலை 6 மணி, பால் காய்ச்சும்போது வலம். 8 மணி, இட்லிக்கு நிமிர்ந்து உட்காருதல், பிறகு மல்லாந்து. 10 மணி இடம். தோல் பழகும் வரை 11 மணிக்கே எடுத்து வலம். மதியச் சாப்பாட்டுக்கு மறுபடி நிமிர்தல். இப்படி வீட்டு வேலையோடு கோத்துவிட்டால் தனியாக மணி பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் தோல் எப்படி இருந்தது என்று பக்கத்தில் ஒரு சொல். மருத்துவர் வந்தால் அந்தத் தாள்களைக் காட்டுங்கள்.

இரவுதான் குடும்பத்தை உடைக்கும். மருமகள் ஒருத்தியே விழித்தால் பத்து நாளில் அவளும் படுத்துவிடுவாள். 10 மணிக்கும் 12 மணிக்கும் மகன், 2 மணிக்கும் 4 மணிக்கும் மருமகள் என்று பிரித்துக்கொடுத்தேன். வாரத்துக்கு இரண்டு இரவு மகளும் வந்து தங்க வேண்டும் என்று அவளிடமே தொலைபேசியில் சொன்னேன். காற்று மெத்தை வாங்கியபிறகு, தோல் நன்றாக இருந்தால், இரவு இடைவெளியை மூன்று, நான்கு மணி நேரமாக நீட்டலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காற்று மெத்தை வந்துவிட்டது, இனிப் புரட்டவே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் மேல் கம்பளம், ரப்பர் ஷீட், இரண்டு போர்வை என்று அடுக்கினால் அதற்குக் கொடுத்த பணம் வீண். மின்சாரம் போனால் காற்று இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

இந்தக் குறிப்பை அப்படியே எல்லோருக்கும் பயன்படுத்தக் கூடாது. முதுகெலும்பிலோ கழுத்திலோ அடிபட்டவரை, மருத்துவமனையில் நான்கு பேர் சேர்ந்து மரக்கட்டையை உருட்டுவதுபோலத் தலை முதல் கால் வரை ஒன்றாகத் திருப்புவோம். கற்றுக்கொள்ளாமல் வீட்டில் முயலாதீர்கள். இடுப்பு மூட்டு மாற்றியவருக்குக் கால்களைக் குறுக்கே போடக் கூடாது போன்ற தனி விதிகள் இருக்கும். அறுவை செய்த மருத்துவரிடம் கேளுங்கள். யாராவது திடீரென்று மயங்கி, மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயிலிருப்பது வெளியே வழியும்படி முகத்தைச் சற்றுக் கீழே திருப்பி, 108-ஐ அழையுங்கள்.

படுக்கும் நிலையே மருந்தாவதை நான் 2021 மே மாதம் கொரோனா வார்டில் பார்த்தேன். ஆக்சிஜன் படுக்கைக்கு வரிசை நின்ற நாட்கள். விழித்திருக்கும் நோயாளிகளைக் குப்புறப் படுக்கச் சொல்வோம். கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடை வரை ஒன்றோ இரண்டோ, கணுக்காலுக்கு மேலே கெண்டைக்காலுக்கு இரண்டு. விரல் நுனியில் மாட்டிய கருவியில் 88 என்று நின்ற ஆக்சிஜன் அளவு கண்ணெதிரே 93, 94 என்று ஏறுவதை அந்த நோயாளிகளே திரும்பிப் பார்த்து அழுதார்கள். எல்லோருக்கும் ஏறவில்லை. ஏறியவர்களை வைத்துத்தான் நாங்கள் அடுத்த படுக்கைக்குப் போனோம்.

தோல் உடைந்துவிட்டால்

கொப்புளம், உரிந்த தோல், குழி, கறுத்த பொருக்கு, துர்நாற்றம், காய்ச்சல் — இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தப் பக்கம் படுக்கவைப்பதை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சள் தூள், சாம்பல் எதையும் புண்ணில் வைக்காதீர்கள். கறுத்த பொருக்கை நீங்களாகப் பிய்க்காதீர்கள். வெளியே ஐந்து ரூபாய் நாணயம் அளவு தெரியும் புண், உள்ளே உள்ளங்கை அகலம் ஓடியிருக்கலாம்.

நகர்த்தித் தூக்கிச் செல்ல முடியாத நிலை என்றால், பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் செய்கிறார்கள். அந்தப் பெரியவருக்கும் அப்படித்தான் ஒரு பிசியோதெரபிஸ்ட் வருகிறார். மூன்று மாதம் ஆகிறது. குதிகாலில் ஒரு முறை நிறம் மாறியது. தலையணையைச் சரிசெய்த இரண்டு நாளில் தெளிந்துவிட்டது. வேறு புண் இல்லை.

ஒன்றை முதல் நாள் சொல்ல மறந்து, மறுநாள் காலை மறுபடி போய்ச் சொன்னேன். ஒவ்வொரு முறை திருப்பி முடித்ததும், அவர் கூப்பிட ஏதாவது ஒன்றை நல்ல கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். வலப்பக்கம் படுக்கும்போது வலது கை அடியில் போய்விடுவதால், விரல்களுக்கு அருகிலேயே வைக்க வேண்டும். பூஜை மணியை வைக்க அவர் சம்மதிக்கவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் வைத்தோம். அன்று மதியமே இரண்டு தட்டுத் தட்டினார். காது மடிந்திருந்தது.